மருமகளின் கையெழுத்து

ஜப்பானிய நாவல் ஒன்றை வாயால் சொல்லி இன்னொருவரை எழுத வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது தமிழில் எழுதும் நமக்குச் சட்டென்று பிடிபடாது. நாம் ‘கா’ என்றால் எதிரே இருப்பவர் ‘கா’ என்று எழுதிவிடுவார். ர, ற, ல, ள தகராறுகளைத் தாண்டிப் பெரிய சிக்கல் வராது. ஜப்பானியத்தில் அப்படி இல்லை. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் ‘கோ’ என்ற ஒரே ஒலிக்கு ஏகப்பட்ட எழுத்துகள். வாய்க்கும் கோ, ஒளிக்கும் கோ, பொதுவானதற்கும் கோ, பெற்றோரைப் பேணும் கடமைக்கும் கோ. எந்தக் கோ என்று விளங்க வேண்டுமானால் எழுத்தைப் பிரித்துப் பகுதி பகுதியாகச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன கோவில் மேலே ‘முதியவர்’ என்ற எழுத்தின் பாதி, கீழே ‘குழந்தை’. கிழவர் ஒருவரைப் பிள்ளை தாங்கி நிற்கிற மாதிரி. இந்தப் பகுதிகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. எழுத உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெயர்களே தெரியாது என்றால் என்ன செய்வது?

1841ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், யோத்சுயா பகுதியின் ஒரு வீட்டில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. சொன்னவர் கியோகுதெய் பாகின். வயது 73. இரண்டு கண்ணும் போய்விட்டது. எழுதியவர் ஒமிச்சி. அவருடைய மறைந்த மகனின் மனைவி, முப்பதுகளின் நடுவில் இருந்தவர், வீட்டில் குழந்தைகளையும் சமையலையும் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர். நாவலின் பெயர் ‘நான்சோ சதோமி ஹக்கென்தென்’. சதோமி குலத்தைக் காத்த எட்டு நாய்வீரர்களின் கதை. 1814இல் முதல் பகுதி வெளிவந்தது. 106 புத்தகங்களாக 1842இல் முடிந்தது. இருபத்தெட்டு வருடத் தொடர்கதை.

ஜப்பானில் எழுத்தை நம்பியே பிழைத்த முதல் தலைமுறை எழுத்தாளர்களில் ஒருவர் பாகின். ஆனால் அவரைக் கேட்டால் எழுத்தாளர் என்று சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். ‘நான் தகிசாவா வீட்டு சாமுராய்’ என்றுதான் சொல்லியிருப்பார். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் மனுஷன் எண்பது வருடம் கிடந்து அல்லாடினார்.

*

பாகின் 1767இல் எடோவின் ஃபுகாகாவாவில் பிறந்தார். அப்பா ஒரு சிறிய பிரபுவின் வீட்டில் பணியாற்றிய சாமுராய். சாமுராய் என்றதும் அகிரா குரோசவா படத்து வாள்வீச்சு ஞாபகத்துக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் சண்டை எல்லாம் முடிந்து நூற்றைம்பது வருடம் ஆகியிருந்தது. சாமுராய்களில் பெரும்பாலோர் இடுப்பில் இரண்டு வாள் செருகிய குமாஸ்தாக்கள். அரிசியில் கணக்கிடப்படும் சம்பளம், பரம்பரை வேலை, அதற்கு மேல் ஒரு குடும்பப்பெயர், அந்தப் பெயருக்கு உண்டான மரியாதை. அவ்வளவுதான் சொத்து.

பாகினுக்கு எட்டு வயதாகும் முன்பே அப்பா இறந்தார். சம்பளம் வெட்டப்பட்டது. அண்ணன் வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட, குடும்பப் பொறுப்பு சிறுவனின் தலையில் விழுந்தது. பிரபுவின் பேரனுக்குத் துணையாளாக இருக்க வேண்டிய வேலை. அந்தப் பேரன் முரடன், அடிப்பவன். 1780இல், பதின்மூன்று வயதில், பாகின் ஒரு ஹைக்கூவை எழுதி வைத்துவிட்டு அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு பத்து வருடம் எதிலும் நிலைக்கவில்லை. மருத்துவம் படித்துப் பார்த்தார், சீன இலக்கியம் படித்தார், வெவ்வேறு சாமுராய் வீடுகளில் சேர்ந்து விலகினார். அம்மாவும் போய்ச் சேர்ந்தார். தகிசாவா வீடு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

1790இல் ஒரு சாராயக் குடுவையைக் கையுறையாக எடுத்துக்கொண்டு சாந்தோ கியோதெனின் வீட்டுக் கதவைத் தட்டினார். அப்போது எடோவில் படக்கதைகளும் வேடிக்கைக் கதைகளும் எழுதி நட்சத்திரமாக இருந்தவர் கியோதென். பாகினைவிட ஆறு வயதுதான் மூத்தவர். தன்னைச் சீடனாக ஏற்கும்படி பாகின் கேட்டார். இந்த மாதிரி எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, பிழைப்புக்கு வேறு தொழில் ஒன்று வைத்துக்கொள், எழுதியதைக் கொண்டுவந்து காட்டு, பார்க்கிறேன் என்று கியோதென் சொல்லி அனுப்பினார். பின்னாளில் பாகினே எழுதி வைத்திருக்கும் விவரம் இது. கியோதென் தன் சொந்த அறிவுரைப்படி நடந்தவர்தான். கொஞ்ச காலத்தில் புகைக்குழாய்க் கடை வைத்தார், தன் கதைகளுக்குள்ளேயே அந்தக் கடைக்கு விளம்பரமும் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடமே அந்த நட்சத்திரத்துக்கு இடி விழுந்தது. அரசு ஒழுக்கச் சீர்திருத்தம் என்று கிளம்பி 1790இல் பதிப்புத் துறைக்குக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்திருந்தது. அதை மீறி கேளிக்கை விடுதிகளைப் பற்றி எழுதினார் என்று 1791இல் கியோதெனுக்குக் கைவிலங்கு மாட்டி 50 நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவுக்குக் கடுமையான அபராதம். சொத்தில் பாதி போனது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வெள்ளத்தில் வீடிழந்த பாகின் அந்த நாட்களில் கியோதெனின் வீட்டில்தான் தங்கினார். கியோதெனின் பெயரில் வந்த ஓரிரு கதைகளை உண்மையில் எழுதியவர் பாகின்தான். ஆக, மற்றவர் பெயருக்குக் கையாக இருப்பது என்றால் என்னவென்று எழுத வந்த புதிதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

1792இல் கியோதெனின் சிபாரிசில் சுதாயாவின் கடையில் குமாஸ்தா வேலை. 1793இல் கல்யாணம். பெண் ஒஹ்யாகு, பாகினைவிட மூன்று வயது மூத்தவர், கணவனை இழந்தவர், ஈதாமாச்சியில் மரச்செருப்புக் கடை இருந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் ஜப்பானில் பெண் வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்வது வழக்கம். பாகின் அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தகிசாவாவாகவே இருந்தார். இரண்டு வருடத்தில் மாமியார் இறந்ததும் செருப்பு வியாபாரத்தையும் மூட்டை கட்டினார். சாமுராய் செருப்பு விற்பதா என்ற கூச்சம். பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தார், மீதி நேரம் எழுதினார்.

பாடநூல்களில் இன்றைக்கும் சில இடங்களில் அவரை ‘தகிசாவா பாகின்’ என்று போட்டுவிடுகிறார்கள். அவர் ஒருநாளும் அப்படிக் கையெழுத்திட்டவர் அல்ல. தகிசாவா என்பது வீடு. பாகின் என்பது சோறு. இரண்டையும் ஒரே வரியில் சேர்க்கக்கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

*

அந்தச் சோறு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். எடோவில் புத்தகம் என்பது மரப்பலகை அச்சு. எழுத்தாளர் பிரதியை எழுதி, படங்கள் எப்படி வர வேண்டும் என்று தானே கோட்டோவியமும் போட்டுக் கொடுப்பார். ஓவியர் அதை வைத்துப் படம் வரைவார். நகலெழுதுபவர் மெல்லிய தாளில் அழகாகப் பிரதியெடுப்பார். அந்தத் தாளைப் பலகையில் தலைகீழாக ஒட்டி, செதுக்குபவர் எழுத்து எழுத்தாகச் செதுக்குவார். பிறகு மை தடவி அச்சு. எங்காவது ஒரு கீற்று தவறிப்போனால் அது மரத்தில் நிலைத்துவிடும். பாகின் தன் நாட்குறிப்புகளில் செதுக்குபவர்களின் கவனக்குறைவைப் பற்றிப் புலம்பித் தீர்த்திருக்கிறார்.

இவ்வளவு வேலையோடு வரும் புத்தகம் சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகாது. சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். ஆனால் படிக்காமல் யாரும் விடவில்லை. லெண்டிங் லைப்ரரிக்காரர்கள் துணி மூட்டையில் புத்தகங்களைக் கட்டி முதுகில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் வாடகைக்குக் கொடுத்தார்கள். 1808இல் எடோவில் மட்டும் இப்படி 656 பேர் இருந்தார்கள். ஒரு பிரதி எத்தனை கைகள் மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாகினின் ‘யோமிஹோன்’ வகைக் கதைகள் இந்த மூட்டைகளுக்கென்றே செய்தவை. யோமிஹோன் என்றால் வாசிக்கும் புத்தகம். படத்துக்கு ஓரமாக வசனம் வரும் படக்கதை அல்ல, எழுத்துதான் பிரதானம், நடுநடுவே முழுப்பக்கப் படங்கள்.

1807இலிருந்து 1811வரை வந்த ‘சின்செத்சு யுமிஹரிசுகி’ அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. பன்னிரண்டாம் நூற்றாண்டு வில்வீரன் தமெதோமோ நாடுகடத்தப்பட்டு ரியூக்யூ தீவுகள் வரை போகும் சாகசம். படம் வரைந்தவர் ஹொகுசாய். ஆம், அந்தப் பேரலை ஓவியத்தின் ஹொகுசாய்தான். ஒரு பாத்திரம் வாயில் செருப்பைக் கவ்வியிருப்பது போல வரையும்படி பாகின் சொல்ல, ‘முதலில் நீங்கள் கவ்விக் காட்டுங்கள்’ என்று ஹொகுசாய் சொல்லிவிட்டாராம். அதில் இருவருக்கும் முட்டிக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் இரண்டு பேரின் குணத்துக்கும் பொருந்தி வருவதால் அது இருநூறு வருடமாக உயிரோடு இருக்கிறது.

கதை எழுதியதற்குப் பதிப்பாளரிடம் முறையாகப் பணம் வாங்கும் வழக்கம் எடோவில் கியோதென், பாகின் காலத்தில்தான் வேரூன்றியது. அதற்கு முன்பு ஒரு விருந்து, ஒரு அன்பளிப்பு, அதோடு சரி. இருந்தாலும் அந்தப் பணம் மட்டும் போதவில்லை. வீட்டில் மருந்து தயாரித்து விற்றார்கள். பாகினின் நாவலைத் திறந்தால் அந்த மருந்துகளுக்கு விளம்பரம் இருக்கும். குருவின் புகைக்குழாய்க் கடை வழி.

*

இப்போது நாவலுக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டு. போரில் தோற்றுத் தப்பி வரும் இளம் தலைவன் சதோமி யோஷிசானே, இன்றைய சிபா மாகாணத்தின் தென்முனையிலுள்ள அவா நாட்டில் காலூன்றுகிறான். அங்கே ஆட்சியைச் சூழ்ச்சியால் பிடித்திருந்தவனை வீழ்த்துகிறான். அந்தச் சூழ்ச்சியில் பங்குகொண்ட தமாசுசா என்ற பெண்ணைப் பிடித்து வருகிறார்கள். அவள் கெஞ்சுகிறாள். யோஷிசானே மனம் இளகி, விட்டுவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அருகிலிருக்கும் அமைச்சன் கூடாது என்கிறான். சரி, வெட்டுங்கள் என்று சொல்லை மாற்றிக்கொள்கிறான் யோஷிசானே. சாகும்போது அவள் சபிக்கிறாள்: உன் வம்சத்தை நாயாக்குவேன்.

வருடங்கள் போகின்றன. கோட்டையைப் பகைவன் முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே சோறில்லை. யோஷிசானே தன் வளர்ப்பு நாய் யாத்சுஃபுசாவிடம் விளையாட்டாகச் சொல்கிறான்: எதிரியின் தலையைக் கொண்டுவந்தால் என் மகளை உனக்குத் தருகிறேன். அன்றிரவே நாய் தலையோடு வந்து நிற்கிறது. கறி, பதவி, படுக்கை என்று எதைக் கொடுத்தாலும் நாய் நகரவில்லை. அப்பாவின் வாய்ச்சொல் பொய்யாகக்கூடாது என்று மகள் ஃபுசேஹிமே நாயோடு மலைக்குகைக்குப் போகிறாள். தன்னைத் தொடவிடாமல், புத்த சூத்திரம் ஓதியபடி நாட்களைக் கழிக்கிறாள். ஆனாலும் நாயின் நினைவே கருவாகத் தங்கிவிடுகிறது. தன் கற்பை நிரூபிக்க அவள் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்போது வெண்புகை எழுகிறது. அவள் கழுத்து ஜெபமாலையிலிருந்து எட்டு மணிகள் வானத்தில் சிதறிப் பறக்கின்றன.

ஒவ்வொரு மணியிலும் ஒரு எழுத்து: அன்பு, அறம், மரியாதை, அறிவு, விசுவாசம், வாய்மை, பெற்றோரைப் பேணல், உடன்பிறப்புப் பற்று. அந்த எட்டு மணிகளோடு கிழக்கு ஜப்பானின் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தாய்களுக்கு எட்டு ஆண்பிள்ளைகள் பிறக்கிறார்கள். எட்டுப் பேரின் குடும்பப்பெயரிலும் ‘இனு’ உண்டு. இனு என்றால் நாய். உடம்பில் பியோனி மலர் வடிவில் மச்சம். தாங்கள் சகோதரர்கள் என்று தெரியாமலே ஒருவரையொருவர் தேடி, சில நேரம் ஒருவரையொருவர் கொல்லவும் முயன்று, கடைசியில் ஒன்றுசேர்கிறார்கள். மூன்றடுக்கு மாளிகையின் வழுக்கும் கூரைமேல் ஷினோவும் கென்பாச்சியும் வாளோடு மோதும் இடம், கபுகி மேடையிலும் மர அச்சு ஓவியங்களிலும் திரும்பத் திரும்ப வந்த காட்சி. இருவரும் உருண்டு கீழே ஆற்றில் நிற்கும் படகில் விழுவார்கள். அதன் பிறகுதான் இருவருக்கும் ஒரே மச்சம் என்று தெரியவரும்.

108 வீரர்களின் சீன நாவல் ‘ஷுய்ஹூ ஜுவான்’ தான் இதற்கு முன்மாதிரி. ஆனால் அந்தச் சீன வீரர்கள் கொள்ளைக்காரர்கள். பாகினின் வீரர்கள் ஒழுக்கத்தின் ஆளுருவங்கள். நல்லதை ஊக்குவி, தீயதைத் தண்டி என்பது அவருடைய கொள்கை. இது நம்பிக்கையா, கைவிலங்குக்குப் பயந்து போட்ட கவசமா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். 1842இல் மறுபடி ஒரு சீர்திருத்தம் வந்தது. காதல் கதைகளின் மன்னன் தமெனகா ஷுன்சுய்க்கு 50 நாள் கைவிலங்கு, அடுத்த ஓரிரு வருடத்தில் இறந்துபோனார். ரியூதெய் தனெஹிகோவின் மாபெரும் படக்கதை தடைசெய்யப்பட்டது, அவரும் அதே ஆண்டில் இறந்தார். அதே 1842இல் ஹக்கென்தெனின் கடைசிப் பகுதி எந்தச் சேதமும் இல்லாமல் கடைக்கு வந்தது. கியோதெனின் கையில் விலங்கைப் பார்த்த இளைஞன் அதை மறக்கவில்லை.

எனக்கு இந்த நாவலில் பிடித்தது எட்டு நற்குணங்கள் அல்ல. மொத்தக் கதையும் இரண்டு வாய்த்தவறில் நிற்கிறது என்பதுதான். விட்டுவிடலாம் என்று சொல்லி மாற்றிக்கொண்ட ஒரு சொல், விளையாட்டுக்குச் சொன்ன ஒரு சொல். இரண்டுக்குமான விலையை அடுத்த தலைமுறை, அதிலும் முதலில் ஒரு பெண், கொடுக்கிறாள். இதை எழுத்தின் அளவிலேயே பாகின் செய்து காட்டுகிறார். ஃபுசே என்ற பெயரின் கான்ஜியைப் பிரித்தால் ஒரு பக்கம் மனிதன், ஒரு பக்கம் நாய். பெயர் வைத்தபோதே விதி எழுதியாகிவிட்டது என்று கதைக்குள்ளேயே விளக்குகிறார். இப்படிப்பட்ட எழுத்து விளையாட்டு நாவல் முழுக்க உண்டு. கண்ணால் பார்த்தால்தான் ரசிக்க முடிகிற விளையாட்டு.

*

பாகினுக்கு ஒரே மகன், சோஹாகு. தன்னால் முடியாததை இவன் செய்ய வேண்டும், தகிசாவா வீட்டைச் சாமுராய் வீடாக மறுபடி நிறுத்த வேண்டும் என்பது அப்பாவின் கனவு. மருத்துவம் படிக்க வைத்தார். மத்சுமாயே பிரபு குடும்பத்தின் மூத்தவர் பாகினின் தீவிர வாசகர் என்பதால் மகனுக்கு அங்கே மருத்துவர் பதவி கிடைத்தது. ஒரு ரசிகர் வழியாக வந்த வேலைதான், ஆனால் அந்தஸ்து கிடைத்தது. 1827இல் ஒரு மருத்துவரின் மகளைக் கட்டி வைத்தார்கள். அவர்தான் ஒமிச்சி. சோஹாகுவோ நோயாளி, சிடுசிடுப்பானவர். ஒஹ்யாகுவும் அடிக்கடி படுக்கை. பாகின் கறாரின் உச்சம். வேலைக்காரப் பெண்கள் வருவதும் நிற்பதுமாக இருந்தது அவருடைய நாட்குறிப்பில் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வீட்டில் மருமகளாக வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1835இல் சோஹாகு இறந்தார். கனவு அப்படியே பேரன் தாரோவின்மேல் இறங்கியது. அப்போது அவனுக்கு ஏழு வயது. எடோவில் சில கீழ்நிலைச் சாமுராய்ப் பதவிகளைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. அதற்குப் பெயர் ‘கபு’. இன்றைய ஜப்பானில் பங்குச்சந்தைப் பங்குக்கும் இதே சொல்தான். துப்பாக்கிப் படையில் ஒரு அடிமட்டப் பதவி விற்பனைக்கு வந்தது. பாகின் அதைப் பிடித்தே தீருவது என்று இறங்கினார். உயிராகச் சேர்த்த புத்தகங்களை விற்றார். 1836இல் தன் எழுபதாவது வயதைச் சாக்காக வைத்து ஒரு பெரிய விடுதியில் விழா எடுத்தார். வருகிறவர்கள் மொய் வைக்க வேண்டிய விழா. இந்த மாதிரி விழா எடுக்கும் எழுத்தாளர்களை அதுவரை ஏளனம் செய்துகொண்டிருந்தவர் அவர். வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி நின்றார். பணம் சேர்ந்தது, பதவி கிடைத்தது, குடும்பம் யோத்சுயாவுக்குக் குடிபெயர்ந்தது.

கண் அதற்கு முன்பே மங்கத் தொடங்கியிருந்தது. முதலில் வலது கண் போயிற்று. இடது கண்ணை வைத்துக்கொண்டு எழுதினார். அதுவும் மங்க மங்க எழுத்தைப் பெரிதாக்கினார், பக்கத்துக்கு வரிகளைக் குறைத்தார். 1840இல் அதுவும் முடிந்தது. நாவல் முடிய இன்னும் சில அத்தியாயங்கள்தான் பாக்கி. மொத்தம் 180 அத்தியாயங்களில் 177ஆவது நடுவில் நின்றது.

வெளியாட்களை வைத்து எழுதும் யோசனை ஒத்துவரவில்லை. 1841 தொடக்கத்தில் ஒமிச்சி தூரிகையைக் கையில் எடுத்தார்.

போனில் சக பொறியாளருக்கு நிரலை வரி வரியாகச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தவர்களுக்கு இதில் ஒரு துளி புரியும். ‘அடைப்புக்குறி, இல்ல, வளைஞ்சது, அதுக்குள்ள இன்னொண்ணு’ என்று பத்து வரி தாண்டுவதற்குள் இரண்டு பக்கமும் பொறுமை போய்விடும். இங்கே எதிரே இருப்பவருக்கு நிரல்மொழியே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் பின்னுரையில் பாகின் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். ஒமிச்சிக்குப் பேச்சு வழக்கிலுள்ள சொற்கள் தெரியும், பழஞ்சொற்கள் தெரியாது. எழுத்தின் இடப்பகுதி வலப்பகுதிகளின் பெயர் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் போட வேண்டிய ஒலிக்குறிப்பையும் சொல்லி, ஒரு பக்கத்தை இரண்டு முறை எழுதுவது போல எழுத வேண்டும். சொல்பவருக்கும் வாதை, எழுதுபவருக்கோ கனவில் நடப்பது போன்ற மயக்கம், அழுகை. மறைக்காமல் சொல்கிறார் பாகின்.

அந்த மாதங்களிலேயே ஒஹ்யாகு இறந்தார். மாமனாரும் மருமகளும் மணிக்கணக்கில் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். சாவுச்சடங்கு, குழந்தைகள், சமையல், அதற்கு நடுவே தினமும் கான்ஜி. எட்டு மாதத்தில், பழைய ஜப்பானிய நாள்காட்டியின் எட்டாம் மாதம் இருபதாம் தேதி, நாவல் முடிந்தது. அந்தக் கட்டத்தின் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. பாகினின் தடுமாறும் பெரிய எழுத்துகள் ஓரிடத்தில் நிற்கின்றன. அங்கிருந்து வேறொரு கை தொடங்குகிறது.

இளமையில் கியோதெனுக்காகத் தான் எழுதிய கதைகளில் பாகினின் பெயர் இல்லை. முதுமையில் தனக்காக எழுதிய மருமகளைப் பற்றி நாவலுக்குள்ளேயே சொல்லி வைத்தார். கறாரான மனிதர்தான், ஆனால் அந்தக் கணக்கில் ஏமாற்றவில்லை.

*

பாகின் 1848இல் இறந்தார். அடுத்த ஆண்டே பேரன் தாரோவும் இறந்தான். இருபதைத் தாண்டியிருந்தான், அவ்வளவுதான். எந்த வீட்டுக்காகப் புத்தகங்களை விற்றாரோ, யாரைப் பார்த்தாலும் வணங்கி நின்றாரோ, அந்த வீட்டைத் தாங்க ஆண்பிள்ளை இல்லை. மகளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்து வீட்டின் பெயரை இழுத்துப் பிடிக்கும் வேலையும் ஒமிச்சியிடமே வந்தது. இன்னொரு இருபது வருடம் போனால் ஷோகன் ஆட்சியே இல்லை. சாமுராய் என்ற வகுப்பே கலைந்தது. காசு கொடுத்து வாங்கிய பதவிக்குப் பொருளும் இல்லாமல் போனது. சோற்றுக்காக எழுதியது மட்டும் மிஞ்சியது.

அதற்கும் அடி விழுந்தது. 1885இல் சுபோச்சி ஷோயோ என்ற இளம் விமர்சகர் நவீன நாவல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் குறிவைத்தது பாகினைத்தான். எட்டு வீரர்களும் மனிதர்கள் அல்ல, எட்டு நற்குணங்களின் பொம்மைகள் என்றார். ஷோயோ சிறுவயதில் பாகினை உருகி உருகிப் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலக்கியத்தில் தந்தையைத் தாண்ட இப்படித்தான் செய்வார்கள். பல பத்தாண்டுகளுக்கு ‘பாகின் பழசு’ என்பது படித்தவர்களின் பொதுக்கருத்தாக இருந்தது.

ஷோயோ சொன்னதில் தவறில்லை. ஷினோவையும் கென்பாச்சியையும் மாற்றிப் போட்டால் சில இடங்களில் தெரியக்கூட செய்யாது. ஆனால் பாகின் அந்த மாதிரி நாவலை எழுத முயலவே இல்லை. தன் கதைக்கலைக்கு அவர் ஏழு விதிகள் வகுத்திருக்கிறார். முன்கூட்டி விதை தூவுவது, ஒரு காட்சிக்கு எதிரொலியாக இன்னொரு காட்சி, ஒரு சம்பவத்தைத் தலைகீழாக்கிப் பின்னால் கொண்டுவருவது என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியலில் கடைசி விதி: கதையின் ஆழத்தில் சொல்லாமல் ஒன்றை மறைத்து வை, நூறு வருடம் கழித்து வரும் நல்ல வாசகனுக்காக. மத்சுசகா ஊர் வணிகர் தோனோமுரா ஜோசாய் போன்ற வாசகர்கள் ஒவ்வொரு பகுதி வந்ததும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதி அனுப்ப, பாகின் பதிலுக்குப் பக்கம் பக்கமாக வாதாடினார். அவருக்கு நாவல் என்பது ஒரு மனதின் படம் அல்ல. இருபத்தெட்டு வருடம் நீளும் ஒரு கட்டுமானம். முதல் பகுதியில் வைத்த செங்கல்லை நூறாவது புத்தகத்தில் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவும் நினைவில் இருக்க வேண்டும். கண் போன பிறகும் முடிக்க முடிந்தது அதனால்தான். கட்டடம் முழுவதும் தலைக்குள் இருந்தது.

நூறு வருடத்து வாசகர் வராமல் இல்லை. அகுதகாவா 1917இல் எழுதிய ஒரு கதையில் பாகின் நாயகனாக வருகிறார். பொதுக்குளியலறையில் தன்னைப் பற்றிய வசையைக் கேட்டு மனம் நொந்து வீடு திரும்பும் கிழவர், இரவில் எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துபோகும் கதை. ஏழு உருண்டைகளைத் தேடிப் போகும் ‘டிராகன் பால்’ பார்த்தவர்களுக்கு இன்னொரு தகவல்: உருண்டைகளைச் சேர்க்கும் எண்ணம் ஹக்கென்தெனிலிருந்து வந்தது என்று அதன் படைப்பாளி அகிரா டோரியாமாவே சொல்லியிருக்கிறார். எட்டை அப்படியே எடுக்க வேண்டாமென்று ஏழாக்கினாராம். ஆங்கிலத்தில் நாவலைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு க்ளின் வாலியின் மொழிபெயர்ப்பு 2021இலிருந்து பகுதி பகுதியாக வருகிறது. மறுபடியும் தொடர்கதைதான்.

பாகின் வாழ்நாள் முழுக்க எழுதிய நாட்குறிப்புகளில் பெரும்பகுதி, டோக்கியோ பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது, 1923 நிலநடுக்கத் தீயில் எரிந்துபோனது. கண் போன பிறகு அந்த நாட்குறிப்பையும் சொல்லச் சொல்ல எழுதியவர் ஒமிச்சிதான். மாமனார் இறந்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. 1849இலிருந்து தான் இறந்த 1858வரை தன் சொந்த நாட்குறிப்பை எழுதினார். மகனின் நோய், மாப்பிள்ளை தேடல், கடன், வந்துபோனவர்கள், வானிலை. யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அது கிடைத்து, அச்சிலும் வந்திருக்கிறது. அந்தக் கையெழுத்து பாகினின் கையெழுத்தைப் போலவே இருக்கிறது என்கிறார்கள் பார்த்தவர்கள்.